முதுகுவலியும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும்

2016 ஆகஸ்ட் 7. ரியோ ஒலிம்பிக்ஸ். நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் நீந்தும் ஃப்ரீஸ்டைல் ரிலேயில் அமெரிக்கா தங்கம் வாங்கியது. டிவியில் பார்த்த பாதிப் பேர் தங்கத்தைப் பார்க்கவில்லை. மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளைத்தான் பார்த்தார்கள். கத்தரிக்காய் கலரில் வட்ட வட்டமாகத் தடம். ஈரமான காபி டம்ளரை மேஜையில் வைத்து எடுத்தால் விழுமே, அதே மாதிரி. மனுஷன் தண்ணீரில் குதிப்பதற்கு முன்னால் அவர் மேல் டம்ளரை வைத்து ஒரு கோஷ்டியே காபி சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறது என்று தோன்றியது.

விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. அதற்குப் பெயர் கப்பிங். தோலின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து உறிஞ்ச வைப்பது. தசைவலிக்கு, முதுகுவலிக்கு நல்லது என்று சொன்னார்கள். உலக சாம்பியனே செய்துகொள்கிறார் என்றால் கேட்க வேண்டுமா?

அடியேன் பி.காம். எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட் என்று இரண்டாகக் கோடு போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. ரியோவில் ஃபெல்ப்ஸ் வாங்கியது அஞ்சு தங்கம், ஒரு வெள்ளி. தங்கத்தில் கொஞ்சத்தைக் கப் கணக்கில் வரவு வைத்தார்கள். சரி, 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங்கிடம் தோற்று வெள்ளி வாங்கினாரே, அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? கப் பேரில் எழுத ஒருத்தரும் முன்வரவில்லை. லாபம் வந்தால் பார்ட்னர், நஷ்டம் வந்தால் 'நான் சும்மா பார்க்க வந்தேன் சார்' என்கிற ஆசாமி மாதிரி.

இந்த வாரம் அந்தப் பார்ட்னரைத்தான் கொஞ்சம் ஆடிட் செய்யப் போகிறோம்.

* * *

கப்பிங் தெரியாத தமிழன் கிடையாது. பெயர்தான் தெரியாது. சின்ன வயசில் காலி எவர்சில்வர் டம்ளரை வாயில் கவிழ்த்து, உள்ளே இருக்கிற காற்றை 'சர்'ரென்று உறிஞ்சி, கையை எடுத்தாலும் டம்ளர் விழாமல் தொங்குவதைத் தம்பி தங்கைக்குக் காட்டிப் பெருமைப்பட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மோவாயில் சிவப்பு வட்டத்தோடு ஸ்கூலுக்குப் போனவர்கள் எல்லாம் கையைத் தூக்கலாம். பரவாயில்லை, ஆபீஸில் இருக்கிறீர்கள், மனசுக்குள் தூக்குங்கள் போதும்.

இதே டெக்னிக்தான். பழைய முறையில் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி ஒரு விநாடி காட்டி எடுத்துவிட்டு, சட்டென்று முதுகில் கவிழ்ப்பார்கள். சூடான காற்று ஆறும்போது சுருங்கும். உள்ளே அழுத்தம் குறையும். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் கப். தலையில் ஒரு வால்வு. துப்பாக்கி மாதிரி ஒரு கைபம்பை வைத்து நாலு தடவை இழுத்தால் வேலை முடிந்தது. நெருப்பு கிடையாது, சினிமா எஃபெக்டும் கிடையாது.

ப்ளஸ் டூ வரை படித்த பிசிக்ஸை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கப்பின் வாய் 5 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1 கிலோ கனத்தோடு அழுத்திக்கொண்டே இருக்கிறது. கப்புக்குள்ளே மூன்றில் ஒரு பங்கு காற்றை எடுத்துவிட்டால், உள்ளுக்கும் வெளிக்கும் ஆறரை கிலோ வித்தியாசம். இத்தனூண்டு கப்பில் ஒரு அஞ்சு கிலோ அரிசிப் பைக்கு மேல்! தோல் உள்ளே பன் மாதிரி உப்பாமல் என்ன செய்யும்? அந்த இழுப்பில் தோலுக்கடியில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சில உடைகின்றன. ரத்தம் கசிந்து அங்கேயே தங்குகிறது. அதுதான் கத்தரிக்காய் கலர்.

"கறுப்பா வருது பாருங்க, உடம்புல அவ்ளோ கழிவு" என்பார்கள். கிரிக்கெட் பந்து தொடையில் பட்டாலும்தான் கறுக்கிறது. அதற்காக 'கழிவை எடுத்துவிட்டான்' என்று பௌலருக்கு ஃபீஸ் கொடுக்கிறோமா? இரண்டும் ஒரே ரத்தக்கட்டுதான். அதிகமாக உறிஞ்சினால், அதிக நேரம் வைத்தால் அதிகமாகக் கறுக்கும். அப்புறம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு வாரம் பத்து நாளில் மறைந்துவிடும். கழிவு வெளியேற்றும் டிபார்ட்மென்ட்டைக் கல்லீரலும் சிறுநீரகமும் லீவு போடாமல் பார்த்துக்கொள்கின்றன.

கப்பை வைத்து எடுப்பதோடு சரி என்றால் 'டிரை'. வைத்து எடுத்த இடத்தில் பிளேடால் மெல்லக் கீறி, மறுபடி வைத்து ரத்தத்தை எடுத்தால் 'வெட்'. யுனானி வைத்தியத்தில் அதை ஹிஜாமா என்பார்கள்.

* * *

இது ஏதோ ஃபெல்ப்ஸ் கொண்டுவந்த ஃபேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம சுஸ்ருதர் அந்தக் காலத்திலேயே ரத்தம் எடுக்க மூன்று சாமான் சொல்லியிருக்கிறார். மாட்டுக் கொம்பு, அட்டைப்பூச்சி, சுரைக்குடுக்கை. அந்தக் குடுக்கைக்குள் விளக்கை ஏற்றி வைத்துக் கவிழ்க்கச் சொல்கிறார். அதே நெருப்பு, அதே டம்ளர்! சீனாவில் நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்ற வைத்தியர் கொம்பு வைத்து உறிஞ்சுவதை எழுதியிருக்கிறார். லண்டனில் 1813-ல் தாமஸ் மேப்பிள்சன் என்பவர் கப்பிங் கலைக்கென்றே தனிப் புத்தகம் போட்டார்.

ஜார்ஜ் ஆர்வெல்லைத் தெரியும் இல்லையா? '1984' நாவல் எழுதியவர். 1929-ல் கையில் காசில்லாமல் நிமோனியாவோடு பாரிஸில் ஒரு தர்மாஸ்பத்திரியில் சேர்ந்தார். டாக்டரும் ஒரு மாணவரும் வந்தார்கள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களுக்குள் நெருப்புக் குச்சியைக் காட்டி முதுகில் ஒட்டினார்கள். கொப்புளம் எழும்பியதும் அதைக் கீறி மறுபடி ஒட்டி ரத்தம் எடுத்தார்கள். குதிரைக்குச் செய்கிற சமாசாரம் என்று நினைத்திருந்தாராம், பாவம். 1946-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி மனசை ஆற்றிக்கொண்டார்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் சளிப் பிடித்தால் கூடக் கப்தான். அவர்களுடைய யிட்டிஷ் பாஷையில் ஒரு பழமொழி இருக்கிறது. பிரயோஜனமில்லாத காரியத்தைப் பார்த்தால் 'செத்தவனுக்குக் கப் வைத்த மாதிரி' என்பார்கள். நம்ம ஊர் 'செவிடன் காதில் ஊதின சங்கு' மாதிரி. தலைமுறை தலைமுறையாகக் கப் வைத்துக்கொண்டே அதைக் கிண்டலும் பண்ணியிருக்கிறார்கள். நல்ல ஜனங்கள்.

சரி, இத்தனை தேசத்தில் இத்தனை காலமாக இருக்கிறது என்றால் உள்ளே ஏதாவது விஷயம் இருக்கத்தானே வேண்டும்? எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. மூளையில் அல்ல, முதுகில்.

* * *

போன வருஷம் கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது இடுப்பில் 'க்ளிக்'. நிமிர முடியவில்லை. இரண்டு நாள் வீட்டில் 'ட' மாதிரி நடந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் ஏரியாவில் மாடி போர்டு ஒன்றைப் பார்த்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

நல்ல மனுஷர். சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுக்கச் சொன்னார். எண்ணெய் தடவினார். எட்டு கப். டப், டப், டப் என்று ஒட்டியது. முதலில் யாரோ கொத்தாகக் கிள்ளுகிற மாதிரி, அப்புறம் ஒரு இதமான இறுக்கம். செல்போனை வெளியே வாங்கி வைத்துவிட்டார். ஃபேன் சத்தம் மட்டும். "ரொம்ப உக்காந்தே வேலை பார்ப்பீங்களோ சார்?" என்று கேட்டு, நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், ஆபீஸில் இத்தனை வருஷத்தில், நான் சொன்னதை முழுசாகக் கேட்ட முதல் ஆசாமி. பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன்.

"என்னங்க இது, முதுகுல யாராவது இட்லி ஊத்துனாங்களா?" என்றாள் என் மனைவி.

பையன் எண்ணிப் பார்த்துவிட்டு, "எட்டு இட்லிம்மா" என்றான்.

நாலாம் நாள் காலையில் எழுந்தேன். வலி முக்கால்வாசி போயிருந்தது. எட்டாம் நாள் இட்லியும் போய்விட்டது.

இப்போது வருகிறது நம்ம பி.காம். கேள்வி. வலி குறைந்ததே, அந்த வரவை எந்தக் கணக்கில் எழுதுவது?

கப் கேட்கிறது. ஆனால் அதே மூன்று நாளில் நான் தைலம் தேய்த்திருந்தேன். மனைவி வெந்நீர்ப் பை கொடுத்திருந்தாள். ஒரு நாள் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன். ஸ்கூட்டரைத் தொடவில்லை. மாமியார் ஊரிலிருந்து போன் பண்ணி, "ரெட்டைப் பிள்ளை பெத்தவங்க கையால நீவிவிட்டா சரியாப் போயிடும் மாப்பிள்ளை" என்றார். எதிர்வீட்டுப் பெரியவர் உலக்கையை உருட்டச் சொன்னார். இவை இரண்டையும் மட்டும்தான் செய்யவில்லை. செய்திருந்தால் அவர்களும் பில்லோடு வந்திருப்பார்கள். எல்லோருக்கும் மேலே ஓசைப்படாமல் ஒருத்தர் நிற்கிறார், நாள். திடீரென்று பிடித்துக்கொள்ளும் சாதாரண இடுப்புவலியில் பெரும்பாலானது சில வாரங்களில் தானாகவே தணிகிற ரகம்.

அக்கவுண்ட்ஸில் படித்த நண்பர்களுக்குத் தெரியும். பணம் வந்திருக்கிறது, யார் போட்டது என்று தெரியவில்லை. அப்போது என்ன செய்வோம்? தோன்றியவர் பேரில் வரவு வைக்க மாட்டோம். 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றைத் திறந்து அதில் போட்டு வைப்போம். விவரம் தெரிந்த பிறகு உரியவர் கணக்குக்கு மாற்றுவோம். என் முதுகுவலி போனதும் அங்கேதான் கிடக்கிறது.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. நாம் எப்போது மாடி ஏறுகிறோம்? வலி லேசாக இருக்கும்போதா? கிடையாது. உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் போனது அடுத்து என்ன செய்யும்? பெரும்பாலும் இறங்கும். ஷேர் மார்க்கெட் படுபாதாளத்தில் இருக்கும் அன்றைக்கு யார் டிப்ஸ் கொடுத்தாலும் அடுத்த மாதம் அவர் மேதை ஆகிவிடுவார். அப்பா ரொம்ப உயரமாக இருந்தால் பிள்ளைகள் சராசரிப் பக்கம் நகர்கிறார்கள் என்று ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1886-ல் அளந்து காட்டினார். வலியும் அந்த ஜாதிதான். இறங்குகிற நேரம் பார்த்து முதுகில் எது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அதற்கு மாலை மரியாதை.

* * *

அப்படியானால் கப்பின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவே முடியாதா? முடியும். அதற்கு ஒரு அழகான உபாயம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓட்டைக் கப்!

பார்க்க அதே கப். தலையில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பொடி ஓட்டை. வைத்தவுடன் ஒட்டும், இறுகும், கொஞ்ச நேரத்தில் காற்று மெல்ல உள்ளே போய்விடும். குப்புறப் படுத்திருப்பவருக்கு நிஜக் கப்பா டூப்ளிகேட்டா என்று சுலபத்தில் தெரியாது. அதே பெட், அதே நிமிஷங்கள், அதே கவனிப்பு. உறிஞ்சுதல் மட்டும் கிடையாது. ஆக, நிஜக் கப் ஜெயித்தால் அது உறிஞ்சியதால்தான். இரண்டும் ஒரே மார்க் வாங்கினால், வேலை செய்தது வேறு ஏதோ.

ஜெர்மனியில் 2016-ல் ஒரு ரிசல்ட் வெளியானது. உடம்பு பூரா வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற தொந்தரவு உள்ள 141 பேர், மூன்று கோஷ்டி. ஒன்றுக்கு நிஜக் கப், ஒன்றுக்கு ஓட்டைக் கப், ஒன்றுக்கு வழக்கமான வைத்தியம். நிஜக் கப் கோஷ்டிக்கு வழக்கமான வைத்தியக் கோஷ்டியைவிட வலி குறைந்தது. 'பார்த்தீர்களா!' என்று கையைத் தட்டாதீர்கள். ஓட்டைக் கப்போடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

சரி, அது வேறு வியாதி, நம்ம இடுப்புவலிக்கு? 2021-ல் பிரேஸிலிலிருந்து வந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 90 பேர். வாரம் ஒரு முறை, பத்து நிமிஷம், எட்டு வாரம். பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு ஓட்டை. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், சும்மா இருக்கும்போதும், வேகமாக நடக்கும்போதும், குனியும்போதும், எதிலும் பொருட்படுத்துகிற மாதிரி வித்தியாசம் கிடையாது.

கப் ஃபிராடு என்று நான் சொல்லவில்லை. கப் வைத்துக்கொண்டு இதமாக இருந்தது என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. எனக்கே இதமாகத்தான் இருந்தது. படுத்துக்கொள்வது, சூடு, எண்ணெய், தொடுகிற ஒரு கை, கேட்கிற ஒரு காது, செல்போன் இல்லாத கால் மணி நேரம். இவர்கள் எல்லாம் சம்பளமில்லாத சிப்பந்திகள். கப் முதலாளி. வேலை செய்தது சிப்பந்திகள், கல்லாவில் உட்கார்ந்திருந்தது முதலாளி.

* * *

இதுவரை சிரித்தாயிற்று. இப்போது சொல்லப் போவது சிரிக்கிற விஷயமில்லை.

என் நண்பன் ஒருவன். தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். என்னோடு பி.காம். படித்தவன், என்னைவிட நல்ல மார்க். இடுப்பில் ஆரம்பித்த வலி, இடது பின்பக்கம் வழியாகக் கெண்டைக்கால் வரை கரண்ட் மாதிரி இறங்கியது. ஒரு இடத்தில் கப்பிங் போனான். ஒரு சிட்டிங் 600 ரூபாய், பத்து சிட்டிங் மொத்தமாகக் கட்டினால் 4,500. கணக்குப் பிள்ளை ஆச்சே, 1,500 லாபம் என்று மொத்தமாகக் கட்டிவிட்டான்.

நாலாவது சிட்டிங் முடிந்தபோது இடது கால் கட்டைவிரல் மரத்துப்போனது. டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

"இன்னும் ஆறு சிட்டிங் பாக்கி இருக்குடா. காசு கட்டியாச்சு. முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்."

ஏழாவது சிட்டிங் முடிந்த வாரத்தில், பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து ஆபீஸ் வாசலுக்கு வந்தான். செக்யூரிட்டி கேட்டார்: "சார், இன்னொரு செருப்பு எங்க சார்?"

குனிந்து பார்த்தான். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியாது. கழன்றதே தெரியாது.

டாக்டர் அவனைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் தூக்கியது. இடது பாதம் தூக்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில், இடுப்பெலும்பின் நாலாவது, ஐந்தாவது கட்டைக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர் திட்டவில்லை. "விரல் மரத்த அன்னிக்கே வந்திருக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான். பாதம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. முழுசாக இல்லை. இன்றைக்கும் மழை நாளில் அவன் இடது காலைப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்கிறான்.

டிஸ்க்கைப் பிதுக்கியது கப் இல்லை. அந்தப் பழியைக் கப்மேல் போட முடியாது. அவனைத் தாமதப்படுத்தியது அந்த ஆறு சிட்டிங் பாக்கி. காஸ்டிங் பேப்பரில் 'சங்க் காஸ்ட்' என்று ஒரு பாடம் உண்டு. கொடுத்த காசு கொடுத்ததுதான், திரும்பி வராது, அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அந்தப் பேப்பரில் அவன் 82 மார்க்.

ஆகவே, இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, பாதம் தொங்கினாலோ, மரத்துப்போவது நாளுக்கு நாள் கூடினாலோ, கப்பும் வேண்டாம், தைலமும் வேண்டாம், டாக்டர். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவே உட்காருகிற இடம் மரத்தாலோ, நாளைக்குக் காலையில் என்று தள்ளாமல் அன்றைக்கே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் ராத்திரியில் குடைகிற வலி, பழைய கேன்சர், டி.பி. சரித்திரம், கீழே விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, இவையும் டாக்டர் கணக்குதான். முதுகெலும்பிலும் டி.பி. வரும், தெரியுமோ?

* * *

"அப்ப சாதாரண முதுகுவலிக்கு என்னதான்யா பண்றது?" என்று கேட்கிறீர்கள். நியாயம். 2020 கணக்குப்படி உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் தனியாள் இல்லை.

முதல் விஷயம், படுக்காதீர்கள். 1986-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ என்ற டாக்டரின் கோஷ்டி இடுப்புவலிக்காரர்களில் பாதிப் பேரை இரண்டு நாள் படுக்கச் சொன்னது, பாதிப் பேரை ஏழு நாள். குணமானதில் வித்தியாசம் இல்லை. ஆபீஸுக்கு மட்டம் போட்டதில்தான் வித்தியாசம். இரண்டு நாள்காரர்கள் சராசரி 3.1 நாள், ஏழு நாள்காரர்கள் 5.6 நாள். இதை உங்கள் மேனேஜர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெல்ட். நாள்பட்ட இடுப்புவலிக்கு பெல்ட், இடுப்பை இழுத்துக் கட்டுகிற டிராக்ஷன் இரண்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. உடற்பயிற்சியைத்தான் சிபாரிசு செய்கிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் இடுப்புவலி வந்து தேறிய 701 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு பிசியோதெரபிஸ்ட் யோசனையோடு நடைப்பயிற்சி. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரத்தில் அஞ்சு நாள், அரை மணி நேரம் என்பது இலக்கு. மற்ற பாதிக்கு ஒன்றும் கிடையாது. 2024-ல் ரிசல்ட் வந்தது. சும்மா இருந்தவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் வலி திரும்பி வந்தது. நடந்தவர்களில் அந்த நிலைமை வர 208 நாள். ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதற்குக் கப் வேண்டாம், பம்ப் வேண்டாம். ஒரு ஜோடி செருப்பு போதும்.

இவ்வளவுக்கும் பிறகு 'எனக்குக் கப் பிடிக்கும் சார்' என்கிறவர்களுக்கு: தாராளமாகப் போங்கள். முறையாகப் படித்தவரிடம் போங்கள். யுனானிக்குச் சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது, படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ரத்தம் எடுக்கிற ரகம் என்றால் பிளேடும் கப்பும் உங்கள் கண் முன்னே புதுசாகப் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், சர்க்கரைக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். நெருப்புக் கப் என்றால் சுட்டுக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. மொத்த பேக்கேஜ் கட்டவே கட்டாதீர்கள். போன ஒரு தடவைக்குக் கொடுத்த காசை மருத்துவச் செலவில் எழுதாமல், சினிமா டிக்கெட், பாப்கார்ன் எழுதுகிற அதே பத்தியில் எழுதிவிடுங்கள். கணக்கு டேலி ஆகும்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பக்கத்தை நாற்காலியில் சரிந்து, கழுத்தை மடித்துத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். எழுந்திருங்கள். பக்கத்து டீக்கடையை விட்டுவிட்டு, அதற்கும் அடுத்த தெருவில் இருக்கிற டீக்கடை வரை நடந்து போய்விட்டு வாருங்கள். டீக்கு மட்டும் என் பேரில் கணக்கு எழுதச் சொல்லாதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிறது.